வில்ஃப் வராத சனிக்கிழமைகள்

வில்ஃபின் சமையலறையில் உட்கார்ந்து கிளிஃப் ஹெப்வொர்த் மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

"சளியா?" என்றார் வில்ஃப்.

"இல்ல. கிளப் விஷயம்."

"அப்ப டீ குடிச்சிட்டே சொல்லு."

மழைக்குப் பேர்போன லங்காஷயரில் உள்ள கால்டர்மூர் டவுன் கால்பந்துக் கிளப்பின் செயலாளர் கிளிஃப். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. லீகின் அடிமட்டத்தில் கிடந்த அணி, முழங்கால் வீங்கி வில்ஃப் ஆட்டத்துக்கு வராத சனிக்கிழமையன்று ஜெயித்தது. அடுத்த வாரம் அவர் வந்தார். கால்டர்மூர் கோல்கீப்பரே தன் வலைக்குள் பந்தைப் போட்டார். அதற்கடுத்த வாரம் வில்ஃபுக்கு ஜுரம். அணி மறுபடியும் ஜெயித்தது.

பயிற்சியாளர் கிரிம்ஷா இடது கால் பூட்ஸைத்தான் முதலில் மாட்டுவார். மாற்றி மாட்டினால் வீட்டுக்குத் திரும்பிப்போய் மறுபடி கிளம்பி வருகிற ஆள்.

"அந்தாளுக்கு ராசி கிடையாது, கிளிஃப். வர வேணாம்னு நீங்கதான் சொல்லணும். உங்க சிநேகிதர்தானே?" என்று சொல்லிவிட்டார்.

கிளிஃப் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். ராசியில் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் 'முடியாது' என்று சொல்லவும் பழக்கமில்லாதவர்.

"வில்ஃப், நீ நிக்கிற இடத்துல கூரை ஆடுது. கொஞ்ச நாள் வராம இரேன்."

"அவ்வளவுதானா? கோல் கம்பத்துக்குப் பின்னால நின்னுக்கறேன். அங்க கூரையே இல்ல."

"அங்க மழை பெய்யுமே."

"இது லங்காஷயர்டா. என் வீட்டுக்குள்ளயே பெய்யுது."

"உன் முழங்கால் வேற..."

"ஓ, உக்கார நாற்காலி போட்டுத் தர்றியா? நல்லா இருப்ப!"

ஒரு பொய் இரண்டாகி, இரண்டும் சேர்ந்து ஒரு நாற்காலியில் வந்து நின்றன. வேறு வழியில்லாமல் கிளிஃப் உண்மையைச் சொன்னார்.

வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தார். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து அந்த மைதானத்துக்குப் போகிறவர்.

"நான் இல்லேன்னா ஜெயிக்கிறாங்களா?"

"கிரிம்ஷா அப்படிச் சொல்றான்."

"சரி விடு. இனி நம்ம ஆளுங்க நடுவுல நிக்க மாட்டேன். பிஸ்கெட் எடுத்துக்க."

அவர் கோபப்பட்டிருந்தால் கிளிஃப் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அணி ஜெயிக்க ஆரம்பித்தது. அடிமட்டத்திலிருந்து நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து மேலே போனது. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கிளிஃப் மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட சூடான பண்டத்தோடு வில்ஃபின் வீட்டுக்குப் போய் ஆட்டத்தைச் சொல்வார். வில்ஃபின் மனசு நோகக் கூடாதே என்று நல்ல ஆட்டத்தையும் மட்டமாகவே சொல்வார்.

"ஒண்ணும் விசேஷமில்ல. பந்து உருண்டுச்சு, தற்செயலா உள்ள போயிடுச்சு."

"தற்செயலா? அந்த இடது கால் அடியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோ," என்றார் வில்ஃப், பண்டத்தைக் கடித்தபடி.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் எல்லோருக்கும் வில்ஃப் மேல் அன்பு பெருகியது. பேக்கரிக்காரர் கேக் அனுப்பினார். நாவிதர், ஆட்ட நேரத்தில் வந்தால் காசு வேண்டாம் என்றார். தேவாலயத்தில் ஓர் அம்மாள், வில்ஃபின் முழங்கால் மெதுவாகவே குணமாக வேண்டுமென்று ஜெபித்தாள். அதற்கு 'ஆமென்' சொன்ன குரல்களில் தன்னுடையதும் இருந்ததைக் கேட்டு கிளிஃபுக்கு முகம் சுண்டிப்போனது.

ஒரு மனிதனை வெளியே நிறுத்தி வைத்துத்தான் மேலே போக வேண்டுமென்றால், அப்படிப் போய்த்தான் என்ன என்று அங்கேயே முழங்காலிட்டு நினைத்தார்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் மேல் லீக். கிளப் தலைவர் பக்கத்தில் இருந்த தன் இருக்கையை கிளிஃப் வில்ஃபுக்குக் கொடுத்தார்.

"வேணாம் கிளிஃப். அன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இருக்குப்பா."

"நீ வரலேன்னா நான் ராஜினாமா பண்ணிடுவேன்."

சனிக்கிழமை கிளிஃபே காரில் வந்து, தூக்காத குறையாக வில்ஃபைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

இடைவேளைக்கு முன்பே எதிரணி இரண்டு கோல் போட்டது.

மைதானமே திரும்பி வில்ஃபைப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. பின் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் மட்டும் ஒரு கம்பளியை நீட்டினாள். "போத்திக்கோங்க. தலையோட சேர்த்து."

கீழேயிருந்து கிரிம்ஷா கத்தினார். "கிளிஃப்! இது நியாயமா?"

"நியாயந்தான்!" என்று கிளிஃபும் கத்தினார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் சத்தம்.

வில்ஃப் மெல்ல எழுந்தார். "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்டா."

"உக்காரு!"

"முழங்கால் மரத்துப்போச்சுப்பா." போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் கால்டர்மூர் மூன்று கோல் போட்டது. விசில் ஊதியதும் ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. கிரிம்ஷா ஓடிவந்து கிளிஃபின் வழுக்கையில் முத்தமிட்டார்.

கிளிஃபுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தால் அல்ல. இத்தனை வருஷம் காத்திருந்த மனிதன், அணி ஜெயிக்கட்டும் என்று பாதியில் வீட்டுக்கு நடந்துவிட்டானே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வில்ஃபின் வீட்டுப் பக்கமிருந்த மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினார். அங்கே எதிரணியின் வெளியூர் ரசிகர்களுக்கான வாசலில் டிக்கெட் கொடுக்கும் பிரெண்டா கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"பிரெண்டா, வில்ஃப் இந்த வழியா வீட்டுக்குப் போனாரா?"

"வீட்டுக்கா? வழக்கம்போல இன்னிக்கும் வெளியூர்க்காரங்க கூட்டத்துக்கு நடுவுலதான் நின்னாரு. இங்க ஆட்டம் நடக்கிறப்பெல்லாம் என்கிட்டதானே டிக்கெட் வாங்குவாரு, 'என் ராசியை எதுக்கும்மா வீட்ல வச்சு வீணாக்கணும்'னு!"