கப்பல் ஓட்டலில் காந்தல்

ஆறின ரசத்தைக் கொடுத்துவிட்டு, சாப்பிட வந்தவனையே மன்னிப்புக் கேட்க வைத்த மனிதர் திருச்சி ஜில்லாவில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் கப்பல். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போய், ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் சில வருஷம் தங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர், தென்னூரில் ஒரு ஸ்பானிஷ் ஓட்டலைத் திறந்துவிட்டார்.

மேஜைக்கு மேஜை வெள்ளை விரிப்பு. சோடா பாட்டிலில் செருகிய மெழுகுவர்த்தி பட்டப்பகலிலும் எரியும். மேலே பட்டாம்பூச்சி மாதிரிக் கறுப்பு போ டையும், கீழே எட்டு முழ வேட்டியுமாகக் கப்பல் வாசலில் நிற்பார். ஆள் வந்தால், ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் கையில் தட்டும் கட்டைகளுக்குப் பதிலாக, இரண்டு கொட்டாங்கச்சிகளை டக்டக்கென்று தட்டி வரவேற்பார். மிரண்டுபோய் எதிர்த்த காபி கிளப்புக்குள் பாய்ந்தவர்கள் உண்டு.

ஸ்பெயினைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றைப் படித்திருந்த திமிரில் நான் உள்ளே போனேன். ஒரு கிண்ணத்தில் சிவப்பாகத் தக்காளிச் சாறு வந்தது.

"அண்ணே, ரசம் ஆறிடுச்சு."

"ஆறலை தம்பி. ஐஸ்ல வச்சு ஆற வச்சிருக்கு. இதைச் சூடு பண்ணச் சொல்றவனுக்கு அந்த ஊர்ல சோறு கிடையாது."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் குத்தினேன். அது பறந்து போய் அடுத்த மேஜையில் இறங்கியது. அங்கே யாரும் இல்லை, பெரும்பாலும் இருக்கமாட்டார்கள்.

அதனால்தான், வாடகை எங்கிருந்து வரும் என்று கட்டடச் சொந்தக்காரருக்குக் கோபம். வெல்ல மண்டி முதலாளி; ஸ்ரீரங்கத்தில் வீடு; சுத்த சைவம். "ஞாயித்துக்கிழமை நானே வந்து சாப்பிட்டுப் பாக்கறேன். வாயில வைக்க முடியலேன்னா காலி பண்ணிடுங்க. மாவு மில்லுக்குக் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணே, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சாம்பார் வச்சுடுங்களேன்" என்று, அதற்குள் வாடிக்கையாளனாகிவிட்ட நான் கெஞ்சினேன்.

"காலி பண்ணினாலும் ஸ்பெயினாவே காலி பண்றேன்" என்றார் கப்பல். ஆனால் போ டையை மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்து முடிச்சுப் போட்டார்.

முதலாளி வந்தார். துணைக்கு நான் எதிரே உட்கார்ந்தேன். ஸ்பெயின் வழக்கப்படி சின்னச் சின்னத் தட்டுகளாக வந்தன. தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த கிழங்கு, ஊறவைத்த குடமிளகாய். மண்டியில் வெல்லத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல முதலாளி ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு எடுத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசித் தட்டும் போனபின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாம்பிளெல்லாம் பாத்தாச்சு. இலையைப் போடுங்க."

சாப்பாடே அதுதான் என்று யார் சொல்வது? கப்பல் உள்ளே ஓடி, அடுப்பில் கிடந்த அகல இரும்புச் சட்டியை அப்படியே தூக்கி வந்து நடுமேஜையில் வைத்தார். பீன்ஸும் பட்டாணியும் போட்ட மஞ்சள் சோறு. தீய்ந்த வாசனை. எனக்கு மாவு மில் ஓடும் சத்தமே கேட்டுவிட்டது.

முதலாளி கரண்டியால் அடிப்பிடித்திருந்ததைச் சுரண்டினார்.

"காந்தலா?"

"அதுதாங்க இதுல விசேஷமே" என்றார் கப்பல்.

முதலாளி வாயில் போட்டு மொறுமொறுவென்று மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். "வீட்டுக்குப் பெரியவன்னு எனக்கு எப்பவும் மேல் சோறா எடுத்து வச்சுடறாங்கய்யா. காந்தலைக் கண்ணுலயே காட்டறதில்லை. மில்லுக்காரனை வேற இடம் பாக்கச் சொல்லிடறேன். வாராவாரம் இதை எனக்குன்னு எடுத்து வச்சுடுங்க."

"அது முடியாதுங்க. காந்தலை மேஜையில இருக்கறவங்க பங்கு போட்டுத்தான் சாப்பிடணும். அங்க வழக்கம்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். முதலாளியோ சிரித்தபடி சட்டியை என் பக்கம் தள்ளினார். "சுரண்டுங்க தம்பி. வழக்கமாமே!"

அவர் போனபின் கப்பல் மெதுவாகக் கேட்டார்: "பயத்துல கை ஓடலை. உப்பு சரியா இருந்துச்சா?"

உப்பு அறவே இல்லை.

"கச்சிதம்ணே" என்றேன்.

அதையே அளவாக வைத்துக்கொண்டார். கப்பல் இருந்தவரை, நானும் முதலாளியும் ஞாயிறு தவறாமல் அந்த உப்பில்லாச் சோற்றைச் சுரண்டித் தின்றோம். உப்பைப் பற்றி அவரிடம் இருவரும் மூச்சு விடவில்லை.