தங்கம் என்று சொன்ன வினை

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சந்திரசேகர் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையும் நானும் பிரிந்துவிட்டாலும் உங்களை இன்னும் மச்சான் என்றே அழைக்கத் துணிந்த தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் லாரிப் பட்டறையும் நலம். ஆத்தூரில் நீங்களும் அக்காவும் அரிசி ஆலையும் நலந்தானே? போனில் பேசினால் பாப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால் கடிதம்.

கோர்ட்டில் கவுன்சலிங் தந்த அம்மையார், "குழந்தை முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லாதீங்க, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் எதையும் அரைகுறையாகச் செய்பவனில்லை. போன சனிக்கிழமை பாப்பா இங்கு வந்ததுமே, "உங்கம்மா தங்கம் சாமி, அவ வைக்கிற ரசம் யாருக்கு வரும்?" என்று ஆரம்பித்தேன். (அந்த ரசத்தைப் பற்றி நான் முன்பு உங்களிடம் சொன்னதையெல்லாம் மறந்துவிடவும்.) பாப்பா முகம் வெளுத்து, தோசையைத் தள்ளி வைத்தாள். நான் பதறி இன்னும் கொஞ்சம் புகழ்ந்தேன். அழுதே விட்டாள். "அம்மாவுக்கு என்ன சீக்குங்கப்பா? செத்துப் போயிருவாங்களா?" என்கிறாள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் தெரு அங்கம்மாளைக் குழாயடியில் திட்டாத ஆளில்லை. அவர் இறந்தபோது திட்டிய அத்தனை பேரும் "தங்கமான மனுசி" என்று அழுததைப் பாப்பா பார்த்திருக்கிறாள். போதாக்குறைக்கு உங்கள் தங்கை தேவிப்ரியாவும் அங்கே என்னை "உழைப்பாளி, உத்தமர்" என்றிருக்கிறாள். பாப்பா பள்ளிக்கூடத்தில், "எங்கப்பா, எங்கம்மா ரெண்டு பேரும் சாகப் போறாங்க மிஸ்" என்று தேம்ப, டீச்சர் போன் போட்டு, தயங்கித் தயங்கி என் உடம்பை விசாரிக்கிறார்.

நேற்று வந்தவள் என் சட்டையை விடவில்லை, பட்டறைக்கும் கூடவே வந்து நிற்கிறாள். நாங்கள் பிரிந்தது எங்கள் பாடு, பிள்ளை பயந்து பயந்து வளர வேண்டுமா? என்னைப் புகழ்வதை உடனே நிறுத்தும்படி தங்கையிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சண்டை வரும்.

அக்காவின் முழங்கால் வலி தீரவும் ஆலைக்கு நெல் வரத்து பெருகவும், மனைவியை உடம்பிலேயே பாதியாக வைத்து மலைமேல் நிற்கும் அர்த்தநாரீசுவரரைச் சற்றுக் கூச்சத்தோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே தேவிப்ரியா பாப்பாவைக் கூட்டிப்போக வந்துவிட்டாள். நான் பின்னிய சடையைப் பார்த்ததும், "ஏனுங்க, இது சடையா, லோடு கட்டற கயிறா?" என்றாள். "உன்ற ரசத்துக்கு இது தேவலை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பாப்பா சிரிக்கிறாள்! "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்கப்பா, நல்லாத்தான் இருக்காங்க" என்று தோசை கேட்டாள். ஆகவே தங்கையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கிளம்பும்போது பாப்பா, "திட்டிக்கங்க, ஆனா யார் சொல்றது சரின்னு என்னைக் கேக்காதீங்க" என்றாள். "சரி சாமி" என்றோம். பல வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான் மச்சான்.