மூன்று பூட்டுப் போட்ட சாமான் உள்

சாமான் உள்ளின் கதவில் மூன்றாவது பூட்டும் தொங்கியபோதுதான், தான் செய்துவைத்த சமரசத்தின் லட்சணம் சேஷனுக்கே புரிந்தது.

கரமனை அக்ரஹாரத்தில் அப்பா விட்டுப்போன வீடு அது. முன்பக்கம் மூத்தவர் சேஷனுக்கு, மாடி தம்பி சீனுவுக்கு, பின்கட்டு தங்கை விஜிக்கு என்று ஒரு காபி ஆறுவதற்குள் பாகம் பிரித்தாகிவிட்டது. வம்பெல்லாம் சாமான் உள் என்று அவர்கள் சொல்லும், தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் அந்த ஓர் அறையால்தான். அதற்கு ஜன்னல்கூடக் கிடையாது. ஆனாலும் விஜி கேட்டதால் சீனுவுக்கு வேண்டும். சீனு கேட்டதால் விஜிக்கு விட மனமில்லை.

சேஷனுக்கு அறை வேண்டாம். மகள் ஸ்நேகாவின் கல்யாணத்தில் அவள் சித்தப்பாவும் அத்தையும் சிரித்த முகமாக வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அறை விஷயம் தீராமல் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

முதலில் பிள்ளையார் படத்தின் முன் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார். விஜிக்கு விழுந்தது. சீட்டை மடித்தது மன்னி, அதனால் செல்லாது என்றான் சீனு. அன்றிலிருந்து சேஷனின் மனைவி மீராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் யாருக்கும் வேண்டாம், பொதுவாகப் பூட்டிவைப்போம் என்றார் சேஷன். சாவி யாரிடம் என்ற கேள்வி வந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கொரு பூட்டு வாங்கி வந்து மாட்டினார்கள். கல்யாணப் பாத்திரமெல்லாம் உள்ளே இருந்தது. ஒரு முறுக்கு அச்சை எடுப்பதற்குப் பட்டம் என்ற பேட்டையிலிருந்து சீனுவும் நெய்யாற்றின்கரையிலிருந்து விஜியும் வந்தாக வேண்டும். வந்தால் சண்டை. சண்டையில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு சாவியோடு போய்விடுவார்.

தலையைப் பிய்த்துக்கொண்ட சேஷன் கடைசியில் இருவரையும் உட்காரவைத்தார்.

"என் பங்கையும் நீங்களே எடுத்துக்கோங்கோ. நடுவுல ஒரு சுவர் வெச்சு ரெண்டாக்கிடலாம்."

ஆச்சரியமாக, இருவரும் தலையாட்டினார்கள். அவர் உடனே கொத்தனார் ஷாஜியைக் கையோடு கூட்டிவந்தார். ஷாஜி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"சாரே, வாசல் ஒண்ணல்லே இருக்கு. மத்த பாதிக்கு ஆள் எப்படிப் போகும்?"

இருக்கிற வாசல் யாருக்கு என்று விஜி ஆரம்பிப்பதற்குள், பக்கத்திலேயே இன்னொரு வாசல் வெட்டிவிடச் சொன்னார் சேஷன். இரண்டும் ஒரே அகலம் என்று ஷாஜி சத்தியம் செய்த பிறகுதான் இருவருக்கும் மனம் ஆறியது. விஜி தன் பையிலிருந்து நேந்திரங்காய் வறுவலை எடுத்துச் சீனுவிடம் நீட்டினாள். முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்துவிடுவதாகச் சீனு சொன்னான். மீராகூடச் சிரித்தாள். சேஷன் சந்தோஷமாக ஷாஜியிடம் சுவரைக் காட்டினார்.

ஷாஜி உளியை வைத்து ஓங்கி அடித்தான். சுவர் லேசில் அசையவில்லை. அடித்த அடியில் பக்கத்து வீட்டுத் தாணு மாமா, பூஜையை விட்டுவிட்டுப் பஞ்சபாத்திரமும் கையுமாக வந்து நின்றார். சத்தத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, சேஷன் நடந்ததையெல்லாம் பெருமையாக விவரித்தார். மாமா பூட்டுகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை என்பதுபோல் நெளிந்தார்.

"சத்தம் கெடக்கட்டும் சேஷா, ஒங்க அத்தை கல்யாணத்துக்குப் பட்சணம் அடுக்க எடமில்லைன்னு எங்கப்பா ரெண்டு ஆத்துக்கும் நடுச்சுவர்ல வாசல் வெட்டி எரவல் குடுத்த எங்காத்து உள்ளாக்கும் இது, திருப்பிக் கேட்டா நன்னாருக்காதேன்னு வாயைத் தெறக்காம, மிண்டாம இருந்துட்டோம், போறது, ஸ்நேகா கல்யாணமும் முடிஞ்சப்பறம் நிதானமாக் குடுத்தாப் போறும்."