வாய் அகலம், அடி கோணல்

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. கோழி கிளறின மாதிரி எழுதுகிறவனாக இருந்திருந்தால் அந்தக் கார்டை யாராலும் படித்திருக்க முடியாது. நானும் மானத்தோடு இருந்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. உறையூரில் அம்மாவோடு வாசம், திருச்சியில் குமாஸ்தா உத்தியோகம். மற்ற குமாஸ்தாக்கள் சாயங்காலம் சீட்டாடப் போவார்கள். நான் தச்சர்கள் மரம் இழைக்கிற பழைய இரும்பு இழைப்புளிகளைத் தேடிப் போவேன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன சாமான்களோடு அவை துருப்பிடித்துக் கிடக்கும். வாங்கிவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பாகம் மட்டமாகும்வரை தேய் தேய் என்று தேய்ப்பேன். தச்சு வேலை தெரியுமா என்று கேட்காதீர்கள். (ஒரு முக்காலி செய்தேன். அதில் பூனைகூட உட்காரவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பெண் பார்த்தோம். பெண் பெயர் வேதவல்லி. அவள் அப்பா ரங்கராஜன், தமிழ் வாத்தியார். வேதவல்லி காபியை வைத்துவிட்டு உள்ளே போகிறபோது ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், ஆள் காலி. அன்று சாயங்காலமே பழைய சாமான் கடையில் ஒரு இழைப்புளியைப் பார்த்தேன். அங்கேயும் ஆள் காலி.

மறுநாள் அந்த இழைப்புளியை வாங்கப் போகிற வழியில் நண்பனுக்கு ஒரு கார்டு போட்டேன். அவனுக்கும் இதே பைத்தியம். எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது என்பதால், எதைப் பற்றி எழுதுகிறேன் என்று எழுதவில்லை. அவன் பெயரும் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் இது அதிசயமே இல்லை. தெருவில் நின்று “ரங்கராஜா!” என்று கூப்பிட்டால் பத்து ஜன்னல் திறக்கும். அவன் வீடும் பெண் வீடும் ஒரே தெருவில் இருந்தன. நானோ கதவிலக்கம் எழுத மறந்துவிட்டேன். தபால்காரர் யோசித்துப் பார்த்து, வயதில் மூத்த ரங்கராஜனிடம் கொடுத்திருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் தமிழ் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாள் குறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அம்மா வைத்த காபியை அவர் தொடாமல் என் கார்டை எடுத்து நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம் மாமா. எல்லாரும் நன்னாயிருக்குன்னு சொல்லுவா.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்:

“‘நேற்று போய்ப் பார்த்தேன். வயது கொஞ்சம் அதிகம். முன்பு ஒரு துரையிடம் இருந்ததாம். வாய் ரொம்ப அகலம், அடி கோணல், மூக்கில் சின்ன உடைசல். ஆனாலும் விட மனசில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு தட்டுத் தட்டினால் வாய் அடங்கிவிடும்.’”

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“எம்பொண்ணு துரையிடம் ‘இருந்ததாம்’! அஃறிணை வேற!” என்றார் அவர்.

“மாமா, அஃறிணைதான் மாமா! அது இழைப்புளி!”

“அப்படின்னு எங்கே எழுதியிருக்கேள்? வாய் அகலம்னு எழுதத் தெரிஞ்சுது, எழுவாய் எங்கே ஓய்?”

உள்ளே ஓடி இழைப்புளியை எடுத்துவந்தேன். மரத்தைச் சீவுகிற தகடு வெளியே நீட்டுகிற இடுக்குக்குத்தான் வாய் என்று பெயர், தகட்டைத் தாங்குகிற கட்டையைத் தட்டி முன்னே தள்ளினால் அந்த வாய் சுருங்கும் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் முகம் இளகவில்லை.

“இழைச்சுக் காட்டுங்கோ, பார்ப்போம்.”

கைக்கு அகப்பட்டது அம்மா உட்காரும் மணைதான். அதைக் கவிழ்த்துப் போட்டு, பெருமாளை வேண்டிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினேன். ‘கர்ர்ரக்’ என்று அப்பளம் அளவுக்கு மரம் பிய்ந்துகொண்டு வந்தது. “ஐயோ, என் கல்யாண மணைடா!” என்று அம்மா அலறினாள்.

வாத்தியார் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். இழைப்புளியைக் கவிழ்த்து இடுக்கில் விரலை விட்டார். முன்நுனியில் மூக்கு உடைந்த இடத்தைத் தடவினார்.

“வாய் அகலம்தான்” என்றார் மெதுவாக. “அடியும் கோணல்.”

ஒருவன் வேலையில் தோற்றதே அவன் யோக்கியதைக்குச் சாட்சியானது அன்றுதான். வாத்தியார் காபியை எடுத்துக் குடித்தார். பிறகு சொன்னார்: “எனக்குப் புரிஞ்சுடுத்து. ஆனா கார்டை முதல்ல வாங்கிப் படிச்சவ வேதா. ரெண்டு நாளா சரியா சாப்பிடலை.” அதைக் கேட்டதும் நான் மணையை விட மோசமாகப் பிளந்துபோனேன். சிரிக்க முடியாத இடம் இது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு ரிப்ளை கார்டு வந்தது. வேதவல்லியே எழுதியிருந்தாள்: “இழைப்புளியைப் பற்றி எழுதியது சரி. என்னைப் பற்றி என்ன எழுதுவீர்கள்?” பதில் எழுத வேண்டிய பாதி வெறுமையாக இருந்தது.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். காகிதத்தில் எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் துரு, கோணல், உடைசல். நிலா, தாமரை என்று எழுத வெட்கமாக இருந்தது. கடைசியில் எழுவாயோடு எழுதினேன்: “நான் வேதவல்லியைப் பார்த்தேன். வேதவல்லியிடம் திருத்த ஒன்றும் இல்லை.” இந்தத் தடவை கதவிலக்கத்தை அடியில் இரண்டு கோடு போட்டு எழுதினேன்.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. என் பதில் கார்டு அவள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதில் மாமனார் தன் பழக்கம் விடாமல் சிவப்பு மையில் ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆகவே நாற்பது வருஷமாக நான் வீட்டில் எதையும் குறை சொல்ல முடிவதில்லை. போன வாரம் அசந்துபோய், ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொல்லிவிட்டேன். வேதவல்லி எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

“அப்பா, கார்டு வரது!” என்றான் என் பிள்ளை.

நான் அவசரமாக இன்னும் இரண்டு கரண்டி ரசம் விட்டுக்கொண்டேன்.