சுவர் திருப்பித் தட்டியது

தச்சர் சுவரில் மூன்று தட்டுத் தட்டினார். சுவர் திருப்பி மூன்று தட்டியது. அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார்.

நாளைக் காலை பத்து மணிக்குப் போனில் இத்தாலிய மொழித் தேர்வு. இரண்டு முறை தோற்றாயிற்று. தேர்வு நடத்திக் கேள்வி கேட்கும் அம்மாவின் முகம் தெரியாது, கறாரான குரல்தான் தெரியும். இந்த முறையும் தோற்றால், அந்த நாட்டில் வேலை பார்க்கும் மனைவியையும் கூட இருக்கும் மகளையும் போய்ச் சேர இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

வினைச்சொல்லை அசை அசையாகப் பிரித்து, அழுத்த வேண்டிய அசையில் ஓங்கித் தட்டித்தான் படிப்பார், போனில் பதிலும் சொல்வார். மரமோ மொழியோ, தட்டிப் பார்க்காமல் அவர் எதையும் நம்பியதில்லை.

'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு 'பார்-லா-னோ'. நடு அசையில் ஓங்கித் தட்டினார். சுவரோ முதலில் ஓங்கி ஒன்று, பிறகு மெதுவாக இரண்டு தட்டியது.

"அக்கா, பக்கத்து வீட்ல யாரு இருக்கா?"

"யாருடா இருப்பா? ஆறு மாசமா பூட்டித்தானே கெடக்கு. ஏன் கேக்குற?"

சொன்னார். அக்கா கரண்டியோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"சுவத்துல தட்டித் தொலையாதடா. சமையலறையில போய்ப் படி."

சமையல் மேடையில் தட்டினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. ஓங்கி ஒன்று, மெதுவாக இரண்டு. அக்காவின் கரண்டி கீழே விழுந்தது.

குளியலறைக்கு ஓடித் தண்ணீர்க் குழாயில் தட்டினார். அது கட்டடம் முழுக்க ஓடுகிற குழாய்.

"யாருய்யா அது, குழாயை உடைக்கிறது?" என்று மாடிவீட்டுக்காரர் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் குழாயும் பதில் சொன்னது. அதே மூன்று தட்டு, இந்த முறை கோபமாக.

"டேய், அது உன்னையேதான்டா தொரத்துது!"

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. அக்கா தம்பியைத் தள்ளினாள், தம்பி அக்காவைத் தள்ளினார். கடைசியில் கதவைத் திறந்தால், வாட்ச்மேன்.

"சார், போன வாரம் ராத்திரியோட ராத்திரியா பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அம்மா என்னை அனுப்புனாங்க."

மனுஷிதானா! தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கச் சொல்லுப்பா. இனிமே தட்டவே மாட்டேன்."

"ஐயையோ, தட்டுங்க சார். இதே தட்டலைப் போன்ல கேட்டுத்தான் உங்களை ரெண்டு தடவை ஃபெயில் போட்டாங்களாம், நாளைக்குப் பத்து மணிக்காவது முதல் தட்டை ஓங்கித் தட்டச் சொன்னாங்க."