மூன்று கைதட்டல்

கொட்டாவி மாஸ்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் கண் விழித்து உட்கார்ந்தவர் ஏற்காட்டில் எவரும் கிடையாது, எங்கள் லாட்ஜ் நாய் உட்பட. ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் பென்சிலால் வரைவது அவர் தொழில். ஆளை ஹிப்னாடிசம் செய்து தூங்கவைத்த பிறகுதான் பென்சிலையே சீவுவார். முதலில் தான் ஒரு கொட்டாவி விடுவார். எதிரில் இருப்பவருக்கும் தொற்றும். பத்தாவது கொட்டாவியில் ஆள் காலி. படம் முடிந்ததும் மூன்று தடவை கைதட்டி எழுப்புவார்.

அப்போது நான் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜில் மேனேஜர். "ஏனுங்க மாஸ்டர், முழிச்சிருக்கிற மனுசனை வரைஞ்சா என்னங்க கெட்டுப்போகுது?" என்று கேட்டேன்.

"முழிச்சிருக்கிறவன் மொகத்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கிறானுங்க. கீழ எறக்கி வெச்சாத்தானுங்க நாம பாக்க முடியும்."

பார்த்ததை அப்படியே வரைந்து தொலைப்பார் என்பதுதான் பிரச்சினை. தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவர் படத்தில் தன் முகத்திலிருந்த பயத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அறையைக் காலி செய்தார். ஒரு போலீஸ்காரர் படத்தில் அழுதுகொண்டிருந்தார். "நான் எப்பய்யா அழுதேன்?" என்று எகிறியவர், சட்டைக் காலர் ஈரமாக இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் லாட்ஜில் அறை பெருக்கியவள் வாழவந்தி கிராமத்துச் செல்வி. அவளுடைய ஆறு வயது மகள் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகளின் போட்டோவெல்லாம் புருசன் போனில் இருந்தது. அவன் போனோடு எங்கோ ஓடிப்போய்விட்டான். ஒரு ஞாயிறு மத்தியானம் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"பாப்பா மொகம் மறந்துக்கிட்டே வருதுங்க. மூக்கு நெனப்பிருக்குது, கண்ணு வரமாட்டேங்குது. என்னைத் தூங்க வெச்சுக் கேட்டீங்கன்னா சொல்லிருவனுங்க. வரைஞ்சு குடுங்க."

மாஸ்டர் தயங்கி அன்றுதான் பார்த்தேன். பிறகு கொட்டாவி விட்டார். ஒரு வருடமாகத் தூங்காதவள், மூன்றாவது கொட்டாவியிலேயே சாய்ந்தாள்.

"பாப்பா தெரியுதா கண்ணு?"

"தெரியுதுங்க. தலை சீவ வரமாட்டேங்கிறா பாருங்க!" என்று சிரித்தாள். செல்வி சிரித்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அவள் விரல்கள் காற்றில் பின்னல் போட்டன.

படம் முடிந்தது. மாஸ்டர் கைதட்டவில்லை. நேரம் போகப் போகப் பொறுக்க முடியாமல் நான் கத்தினேன்.

"எழுப்பித் தொலைங்க மாஸ்டர்! எந்திரிக்காமப் போயிட்டா என்னங்க பண்றது?"

"ஒரு பக்கந்தானுங்க ஆயிருக்குது. இன்னொரு சடையும் பின்னிட்டு வரட்டுங்க."

கடைசியில் தட்டினார். செல்வி படத்தைப் பார்த்தாள். "இது எம்புள்ள இல்லீங்களே. இது நானு."

மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டார். "நீ கண்டது எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? எனக்குத் தெரிஞ்சது உம் மொகந்தான். அதைத்தான் கை வரைஞ்சுது."

சிரிக்கிற தன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அடுத்த வாரமும் வரட்டுங்களா?"

அதன்பின் ஞாயிறு தவறாமல் அங்கே இரட்டைச் சடை பின்னப்பட்டது. ஊர் அவரைச் சூனியக்காரன் என்றது. நானும் போலீசில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். சொன்னால் அந்த ஈரக் காலர்காரர்தான் வருவார் என்பதால் சொல்லவில்லை.

போன மார்கழியில் மாஸ்டர் ஏரிக்கரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ஆளுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்து மத்தியானம்வரை யாரும் கிட்டே போகவில்லை. சொந்தக்காரர் எவரும் வராததால் லாட்ஜ் வாசலில்தான் கிடத்தினோம். அந்த முகத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தொற்றியது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தூக்கப்போகும் நேரத்தில் செல்வி முன்னால் வந்தாள். அவர் முகத்தருகே குனிந்து மூன்று தடவை கைதட்டினாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

பிறகு அவருடைய பென்சிலை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே வைக்கப் போனாள். "இனிப் பாப்பாவை நேருலயே பாத்து வரைவாருங்க."

பென்சில் மழுங்கியிருந்தது. வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.