செல்லிப்பட்டு ஆற்றங்கரையில் நான் ஆற்றிய உரை

எனக்கு வரும் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மலரும் குகனும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு இரண்டு. அக்கா, தம்பி. கோர்ட் படியேறி, சட்டப்படி இருவரையும் ஒன்றாகத் தத்தெடுத்தோம். அன்றிலிருந்து வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. "எங்க எடுத்தீங்க?" என்றார் பால்காரர், ஏதோ தீபாவளிக்குப் புடவை எடுத்ததைப் போல. "பெருசானா பெத்தவங்களத் தேடிப் போயிடாதா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, அதுவும் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "பெரிய புண்ணியம் பண்ணீங்க" என்று கும்பிடுவார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உச்சந்தலை கொதிக்கும். புண்ணியமா? காலை ஏழரை மணிக்கு ஒரு சாக்ஸ் கிடைக்காமல் நாலு பேரும் நாலு மூலையில் கத்துகிற வீட்டில் புண்ணியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஆனால் இப்படிக் கேட்பவர்களிடம் அந்த நேரத்தில் எனக்கு வாயே வராது. (நம்ப மாட்டீர்கள். என் கணவரும் நம்பவில்லை.) வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் சரியான பதில் வரும். அப்படிச் சேர்ந்த பதில்களைக் கோத்து ஒரு முழு உரையே தயாரித்து வைத்திருந்தேன். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே விரலை நீட்டுவது என்பதுவரை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. கேட்க ஆள்தான் வாய்க்கவில்லை.

மலரிடம் ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். புதுப் பள்ளியில் சேர்ந்த அன்று அவள் சொன்னாள்: "என் கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்லாத. சொல்லணும்னா நானே சொல்லிக்கிறேன்." அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

போன வருடம் புரட்டாசியில் காலாண்டு விடுமுறை விட்டார்கள். என் கணவர் மதகடிப்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இருபது வகை ஆணி விற்பார், ஒன்றைக்கூட நேராக அடிக்கத் தெரியாது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று சந்தையில் இரண்டு வாத்துகளை வாங்கி வந்து, "நாமளே இதுங்களுக்கு வூடு கட்டலாம்டா" என்று அறிவித்தார். மூன்று நாள் கட்டினோம். கதவைத் திறந்தால் கூரையும் சேர்ந்து எழுந்தது. முதல் மழைக்கே பிளைவுட் அப்பளம்போல உப்பிக்கொண்டது. வாத்துகள் அதற்குள் தலையைக்கூட நுழைக்கவில்லை. குகன்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டான். கூரையைப் பிரித்து அவனை வெளியே எடுத்தோம்.

"அதுங்களுக்கு வூடு வாணாம்பா. தண்ணிதான் வேணும்," என்றாள் மலர்.

சங்கராபரணி ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிறது என்று ஊரே செல்லிப்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களும் கிளம்பினோம். ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர், என் மடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் வாத்துகள். அடையாளத்துக்காக அவற்றின் காலில் மலர் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். நனைந்தால் காலை இறுக்கும் என்று ஆற்றங்கரையில் அதை அவிழ்த்தது யார்? சாட்சாத் நான்தான்.

தண்ணீரைப் பார்த்ததும் இரண்டு வாத்துகளும் பின்வாங்கின. ஆழமில்லாத ஓரமாகப் பார்த்து மலரும் குகனும் ஆளுக்கொரு வாத்தின் பின்னால் குந்தி, "போ, போ" என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது கரை வழியாக ஒருவர் வந்தார். மடித்துக்கட்டிய லுங்கி, கையில் நீளமான மூங்கில் கழி. சற்று நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இதுங்க ரெண்டும் உங்களுதா?"

"ஆமா. ஏன்?"

"பாத்தா உங்க வூட்டுதுங்க மாதிரி தெரியலயே. எங்க எடுத்தீங்க?"

ஆள் வாய்த்துவிட்டது.

"இன்னாய்யா கேட்ட?" என்று ஆரம்பித்தேன். என் கணவர் "ஏய், ஏய்" என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "உங்க வூட்டுது மாதிரி இல்லன்னா? மூஞ்சியும் மூக்கும் ஒண்ணா இருந்தாத்தான் என்னுதா? தத்துதான் எடுத்தோம், ஆமாய்யா, தத்து! கோர்ட்ல ஜட்ஜே எழுதிக் குடுத்தாரு, உனக்கு இன்னா சந்தேகம்?"

"ஜட்ஜா?" என்றார் அவர்.

"இதுங்க ஜுரத்துல கெடந்தப்ப நீ வந்து பாத்தியா? நாளைக்கு எவனாவது வந்து என்னுதுன்னு சொன்னா தூக்கிக் குடுத்துடுவனா?"

"தூக்கிக் குடுக்க வாணாம்மா. ஒரு தபா பாத்துக்கறேன்னுதான்..."

"நீ இன்னாய்யா பாக்கறது? என் வயித்துல பொறக்கலன்னா என் புள்ளைங்க இல்லன்னு ஆயிடுமா?" (விரல் நீட்டும் இடம் இது. நீட்டினேன்.)

அவர் கழியைக் கீழே ஊன்றிக்கொண்டு, பயந்துபோன குரலில் சொன்னார்: "யம்மா, நான் வாத்தைக் கேட்டேம்மா."

ஆற்றின் வளைவில் கையைக் காட்டினார். முந்நூறு வாத்துகளாவது இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர். காலையில் எண்ணும்போது இரண்டு குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கரையில் நின்ற கூட்டம் தண்ணீரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில், கடித்த மக்காச்சோளத்தை வாயிலிருந்து எடுக்காமல் ஒரு சின்னப் பெண். மலரின் வகுப்புத் தோழி ஹரிணி. மலர் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபம். என்னுடையதைவிடப் பெரிய கோபம்.

"நீ சத்தியம் பண்ண," என்றாள். விடுவிடுவென்று நடந்துபோய், ஸ்கூட்டர் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் களேபரத்தில் எங்கள் வாத்துகள் தாமாகவே நீந்தப் பழகி, நேராக அந்த முந்நூறுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. என் கணவர் பேன்ட்டோடு இறங்கினார். எது யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை, வாத்துக்காரருக்கும் தெரியவில்லை. "கைக்கு வர்ற ரெண்டப் புடிச்சிக்கோ சார். அந்தம்மாவ மட்டும் கூட்டினு போயிடு," என்றார் அவர். என் கணவர் சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்து, இரண்டைப் பிடித்தார். (சந்தையில் வாங்கியவை இரண்டும் பெட்டை. வீட்டுக்கு வந்ததில் ஒன்று ஆண்.)

மலர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் குகனிடம் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆள் தெரியாம கத்திட்டேன்டி."

"ஆள் தெரிஞ்சா கத்தலாமா?"

"எனக்குக் கோவம் வந்துடுச்சு."

"எனக்குந்தான் கோவம் வருது. அவங்க கேக்கறப்பல்லாம் எனக்கும் வருது. நான் சொன்னனா? அது என்னுது. நீ ஏன் எடுத்துச் சொன்ன?"

அவ்வளவு பெரிய உரையில் இதற்கு ஒரு வரி பதில்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மலர் கொஞ்சம் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டாள்.

பள்ளி திறந்த அன்று மாலை, வேன் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

"ஹரிணி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாளா?"

"இல்ல. அவகிட்ட நான் சத்தியம் வாங்கிட்டேன்." பையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "வாத்துக்காரரோட நீ சண்ட போட்டத மட்டும் ரெண்டு பேரும் சேந்து சொன்னோம். எல்லாரும் சிரிச்சாங்க. மிஸ்ஸும் சிரிச்சாங்க."

ஏழு வயதுப் பெண்கள் இரண்டு பேர், அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். (இதை எழுதும்முன் மலரிடம் அனுமதி கேட்டேன். பேரை மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.)

என் நிலைமைதான் மாறிவிட்டது. போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் வாசலைக் காட்டி, "ஏம்மா, இது உங்களுதா?" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மலர் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த குகன் அவரை எச்சரித்தான்:

"மாமா, எதுன்னு சீக்கிரம் சொல்லிடுங்க. எங்கம்மா ஆரம்பிச்சிடுவாங்க."